உதடு மரத்த பிறகும் பல் ஏன் வலிக்கிறது?

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ளப் போன இடத்தில் மூன்று முறை மரப்பு ஊசி போட்டார்கள் என்றும், உதடும் பாதி நாக்கும் கட்டையாகிவிட்ட பிறகும் பல்லைக் குடையத் தொடங்கியதும் உயிர் போகிற வலி வந்தது என்றும், அப்போது மருத்துவர் "உதடு மரத்துவிட்டது, இனிப் பல் வலிக்க வழியே இல்லை, இது உங்கள் பயம்" என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஊசி போடத் தெரியவில்லையா, இல்லை என் உடம்புக்கு மருந்து பிடிக்காதா என்பது உங்கள் கேள்வி. பல் மருத்துவக் கல்லூரிகளில் இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் அந்தப் பக்கம் ஒரு மந்தமான வலி தங்கிவிட்டதாகப் போகிற போக்கில் குறிப்பிட்டும் இருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது, நான் உணர்ந்த வலி நிஜந்தானா, அதை மருத்துவர் நம்பியிருக்க வேண்டாமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் பட்டது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

வாய், முக, தாடை அறுவைச் சிகிச்சைத் துறையில் 26 ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். அதில் பெரும்பகுதி மாணவர்களுக்கு மரப்பு ஊசி போடக் கற்றுக்கொடுப்பதிலேயே கழிந்தது. உங்கள் வாயையோ எக்ஸ்ரேயையோ நான் பார்க்கவில்லை. ஆகையால் உங்கள் பல்லுக்கு என்ன நேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் விவரித்த நிகழ்ச்சி எங்கள் துறையில் எல்லோருக்கும் பழக்கமானது. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் இருக்கும் மென்திசுவைக் கூழ் என்போம். வீங்கி அழற்சியுற்ற கூழோடு வரும் கீழ்க் கடைவாய்ப் பல்லை நாங்கள் எங்களுக்குள் ‘ஹாட் டூத்’ என்றே சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட பல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் அனுபவமுள்ளவர்களும் சற்று நிதானிப்பார்கள். உங்கள் வலி நிஜம். உதடு மரத்திருக்கும்போதே பல்லின் உள்ளே முழு வலி இருக்க முடியும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் என்று புரிய, அந்த ஊசி எங்கே போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்கு நேரே ஈறின் மேல்மடிப்பில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பைக் கடந்து வேர்நுனியை எட்டிவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பு கெட்டியானது, மருந்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் மருந்தைப் பல்லருகே வைக்காமல், பல்லுக்குப் போகும் நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகில், வாயின் பின்புறத்தில் உள்பக்கமாகச் செலுத்துகிறோம். இதைத்தான் பிளாக் ஊசி என்கிறோம். தாடை எலும்பின் முன்விளிம்பிலுள்ள வளைவைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்து, எதிர்ப்பக்கத்து முன்கடைவாய்ப் பற்களின் மேலாக ஊசிக்குழலைக் கொண்டுவந்து, ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்தில் ஊசிமுனை எலும்பில் மெல்லத் தட்டுப்பட்டதும் சிறிது பின்னிழுத்து, ரத்தக்குழாய்க்குள் இருக்கிறோமா என்று உறிஞ்சிப் பார்த்து, பிறகு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும். நாக்கின் நரம்பு அந்த வழியிலேயே இருப்பதால் நாக்கும் மரக்கிறது. பல் நரம்பின் கிளை ஒன்று தாடை எலும்பின் முன்புறத் துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போவதால் உதடும் மரக்கிறது. எனவே உதடு மரத்தால் மருந்து நரம்பின் அக்கம்பக்கத்தை எட்டிவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆல் ரீடர், ஜான் நஸ்ஸ்டீன், மெலிஸ்ஸா டிரம் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாக இந்த ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய முறை எளிமையானது. வலியோ சொத்தையோ இல்லாத தன்னார்வலர்களுக்கு ஊசி போட்டுவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மின் பற்கூழ் சோதனைக் கருவியைப் பல்லில் வைப்பார்கள். அந்தக் கருவியின் உச்ச அளவு 80. அந்த அளவிலும் எதுவும் தெரியவில்லை என்றால்தான், அந்த நிலை ஒரு மணிநேரம் நீடித்தால்தான் பல் முழுமையாக மரத்ததாகக் கணக்கு. இந்தக் கடுமையான அளவுகோலில் பார்த்தபோது, உதடு முழுக்க மரத்தவர்களிலும் முதல் கடைவாய்ப் பல் மரத்தது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். முன்பற்களில் அதைவிடக் குறைவு. இது நோயில்லாத பற்களின் நிலை. கூழ் அழற்சியால் இரவெல்லாம் தூங்கவிடாமல் வலிக்கும் பல்லில், முதல் பிளாக் ஊசியோடு வலியில்லாமல் சிகிச்சை முடிந்தவர்களின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், பலவற்றில் பாதியை எட்டவில்லை. மூன்றில் ஒருவருக்கும் குறைவாகவே பலித்த ஆய்வுகளும் உண்டு.

அப்படியானால் மருத்துவரின் கை சரியாகப் போகவில்லை என்பதுதானே காரணம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். மாணவரின் ஊசி பலிக்காவிட்டால் "இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்க வேண்டும்" என்பது என் வாயில் தயாராக இருக்கும். உண்மையில் கைப்பிழைகள் நேர்வதுண்டு. துளைக்குக் கீழே மருந்து விழுந்தால் நாக்கு மட்டும் மரக்கும், உதடு மரக்காது. எலும்பைத் தொடாமல் மிகவும் பின்னால் போய்விட்டால் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் மருந்து இறங்கி, அந்தப் பக்கத்துக் கண்ணிமையை மூட முடியாமல் சில மணிநேரம் முகம் கோணிக்கொள்ளும். ஆனால் உங்களுக்கு உதடு நன்றாக மரத்திருக்கிறது. ஆகவே ஊசி பெரிதும் தவறிய இடத்தில் போயிருக்க வாய்ப்பில்லை. ஓஹையோவில் அல்ட்ராசவுண்டு படத்தில் பார்த்துக்கொண்டே ஊசிமுனையை நரம்பருகே வைத்தும் சோதித்திருக்கிறார்கள். அப்போதும் பல் மரக்கும் விகிதம் உயரவில்லை. குறி தப்பியதால்தான் ஊசி பலிப்பதில்லை என்ற எங்கள் நெடுநாள் நம்பிக்கையை அது பலமாக அசைத்தது. எனவே உங்கள் மருத்துவருக்கு ஊசி போடத் தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட பிறகு உங்களிடம் சொன்ன சொல்லில்தான் அவர் தவறினார் என்று நினைக்கிறேன்.

பிறகு உண்மையான காரணம் எது? இங்கேதான் உறுதியானதையும் இன்னும் வாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் தேர்வில் எழுதும் வழக்கமான விடை அமிலத்தன்மை. வழக்கமான மரப்பு மருந்தான லிக்னோகெய்னில் மின்னேற்றமில்லாத பகுதிதான் நரம்பின் கொழுப்பு உறையைக் கடந்து உள்ளே போகும். உடம்பின் இயல்பான நிலையில் மருந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்படி இருக்கும். சீழும் அழற்சியும் உள்ள இடத்தில் அமிலம் கூடுவதால் அந்தப் பங்கு இன்னும் குறையும். வேதியியல் சரியானதுதான். வீங்கிய ஈறிலேயே ஊசியைப் போட்டால் இது பொருந்தும். ஆனால் பிளாக் ஊசி விழும் இடம் பல்லிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, அழற்சி எதுவும் இல்லாத திசுவில் இருக்கிறது. அங்கே அமிலம் எப்படி வந்தது? இந்த விடைக்கு முழு மதிப்பெண் போட்டு வந்தவன்தான் நான். பின்னாளில் அந்தக் கேள்வியை மாணவர்களிடம் நானே கேட்கத் தொடங்கினேன்.

இன்று வலுவாக நிற்கும் விளக்கம் நரம்பிலேயே இருக்கிறது. நரம்பில் வலிச்செய்தி ஓடுவது சோடிய வாயில்கள் திறப்பதால்; மரப்பு மருந்து அந்த வாயில்களை அடைக்கிறது. வலியைக் கொண்டுபோகும் நுண் நரம்புகளில் ஒருவகை வாயில்கள் உண்டு. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினுக்கு மற்ற வாயில்கள் அடங்கும், இவை அடங்கா. லிக்னோகெய்னுக்கும் இவை எளிதில் பணிவதில்லை. அழற்சியுற்ற பற்கூழில் இந்த வாயில்கள் பெருகுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சியாட்டிலில் மார்கரெட் பையர்ஸ் எலிகளின் பற்களில் ஆராய்ந்தபோது, காயம்பட்ட கூழில் நரம்பிழைகள் புதிதாகக் கிளைவிட்டுப் படர்வதைக் கண்டார். இவற்றோடு, நாள்கணக்கில் வலியைச் சுமந்த பிறகு முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்புக்கு மூளைத்தண்டிலுள்ள கருவும் உணர்வேறிப் போகிறது. அப்போது நரம்பு கசியவிடும் சிறு செய்தியையும் அது பெருவலியாக வாசிக்கிறது. இந்த மூன்றும் நிகழ்கின்றன என்பதில் ஐயம் குறைவு. ஒருவருடைய பல்லில் அவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதை நாற்காலியருகே நின்று பிரித்தறிய இன்னும் வழியில்லை. இவை போக, தாடைக்கு உள்பக்கமாக ஓடும் மைலோஹையாய்டு நரம்பின் கிளையொன்று கடைவாய்ப் பல்லுக்கு உணர்வு தரலாம். தாடைக் கால்வாய் சிலருக்கு இரண்டாகப் பிரிந்திருக்கலாம். உடற்கூறு என்ற முறையில் இவை உண்மை. ஆனால் ஊசி பலிக்காத ஒவ்வொருவருக்கும் இதையே காரணமாகச் சொல்வது எங்கள் துறையின் பழைய சோம்பல் என்பது என் கருத்து.

உங்கள் உடம்புக்கு மருந்து பிடிக்காதா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். உதடும் நாக்கும் மரத்ததே உங்கள் உடம்புக்கு மருந்து பிடிக்கிறது என்பதற்குச் சான்று. மரப்பு மருந்து சரிவரப் பலிக்காதவர்கள் உலகில் இல்லாமலில்லை. மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் எலர்ஸ் டான்லோஸ் நோயுள்ளவர்களில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், அதை மருத்துவ உலகமும் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அத்தகையவர்களுக்கு எந்த இடத்தில் ஊசி போட்டாலும் சிரமம் இருக்கும். ஒரு பல்லோடு அது நிற்காது.

"இது உங்கள் பயம்" என்ற சொல்லைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பதற்றம் வலியின் வாசலைத் தாழ்த்துகிறது. அஞ்சி வருபவர்களுக்கு மரப்பு ஊசி பலிக்காமல் போவது அதிகம் என்று காட்டும் ஆய்வுகள் உள்ளன. மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின் இதயத்தைப் படபடக்கச் செய்யும். அந்தப் படபடப்பையே பயம் என்று நோயாளியும் மருத்துவரும் எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் பயம் வலியைக் கூட்டுகிறது என்பது வேறு, வலியே இல்லை என்பது வேறு. பயம் வலியைக் கூட்டுகிறது என்று அறிந்த மருத்துவர் இன்னும் கூடுதலாக மரக்கவைக்கவும், நிறுத்தி ஆசுவாசப்படுத்தவும் முனைய வேண்டும். வசதியுள்ள இடங்களில் சிரிப்பு வாயு என்று நாம் சொல்லும் நைட்ரஸ் ஆக்சைடையும் கொடுக்கலாம், அது ஓரளவு உதவுகிறது.

என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், முதலில் காத்திருந்திருக்கலாம். உதடு ஐந்தாறு நிமிடங்களில் மரத்துவிடும். பல்லின் உட்கூழ் மரக்க 10 முதல் 15 நிமிடங்கள் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். அடுத்து, குடையும் முன் பல்லையே சோதித்திருக்கலாம். பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஊசியின் பிளாஸ்டிக் மூடிக்குள் தண்ணீர் ஊற்றி உறைபெட்டியில் வைத்தால் பென்சில் போன்ற பனிக்குச்சி கிடைக்கும். எங்கள் துறையில் அதைத்தான் பல்லில் வைத்துப் பார்ப்போம். சில்லென்று உறைத்தால் பல் மரக்கவில்லை, குடையக் கூடாது. உறைக்காவிட்டாலும் அழற்சியுற்ற பல்லில் முழு உத்தரவாதம் இல்லை; ஆனால் உதட்டைக் கிள்ளிப் பார்ப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

பலிக்காத பிளாக் ஊசியையே அதே இடத்தில் திரும்பப் போடுவதால், உதடு ஏற்கெனவே மரத்திருக்கும் நிலையில், பெரிய பயன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மருந்தின் அளவை இரட்டிப்பதும் அப்படித்தான். மாறாக, கடைவாய்ப் பல்லுக்கு வெளிப்புறம் கன்னப்பக்கத்து ஈறில் ஆர்ட்டிகெய்ன் என்ற மற்றொரு மரப்பு மருந்தை 4 சதவீத அளவில் செலுத்தினால் கணிசமானோருக்குப் பலன் கூடுகிறது. இதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. அதே ஆர்ட்டிகெய்னைப் பிளாக் ஊசியில் பயன்படுத்தினால் லிக்னோகெய்னைவிடச் சிறந்ததா என்பது உறுதியாகவில்லை. 4 சதவீத மருந்துகள் பிளாக்கில் போடப்படும்போது நாக்கும் உதடும் நெடுநாள் மதமதப்பாகவே இருந்துவிடுவது அதிகமா என்ற வாதம் 1995இல் கனடாவின் ஒன்டாரியோவிலிருந்து வெளிவந்த அறிக்கைக்குப் பிறகு இன்றுவரை ஓயவில்லை. அந்த வாதம் தீரும்வரை பொறுத்திருக்கலாம் என்பதால் நான் பிளாக்குக்கு லிக்னோகெய்னையே வைத்துக்கொண்டேன். பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள தசைநார் இடுக்கில் போடும் ஊசி, எலும்பில் நுண்துளையிட்டு நேரே உள்ளே செலுத்தும் ஊசி என்று அடுத்த படிகள் உண்டு. எலும்புக்குள் போடுவது பெரும்பாலோருக்குப் பலிக்கிறது, ஆனால் சில நிமிடங்கள் இதயம் வேகமாகத் துடிக்கும், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கடைசி வழி, கூழுக்குள்ளேயே அழுத்தத்தோடு போடும் ஊசி. அதில் வேலை செய்வது பெரும்பாலும் அழுத்தந்தான். வெறும் உப்புநீரை அதே அழுத்தத்தில் செலுத்தியபோதும் பலித்ததை ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். கண நேரம் கடுமையாக வலிக்கும் என்பதால், நோயாளியின் சம்மதம் பெறாமல் அதைச் செய்வது முறையன்று. சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் முன்பு இபுபுரூஃபன் போன்ற அழற்சி நீக்கி மாத்திரை கொடுத்தால் பிளாக் ஊசி பலிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கருவுற்ற நிலை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அந்த மாத்திரையை நீங்களாக விழுங்கக் கூடாது.

கல்லூரிகளில் இதைச் சொல்லித்தருகிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். ஊசி போடும் கையைச் சொல்லித்தருகிறோம், ஓரளவு நன்றாகவே சொல்லித்தருகிறோம். காய்ந்த தாடை எலும்பில் துளையைத் தொட்டுப் பார்க்கச் செய்து, மூத்தவர்கள் போடுவதைப் பார்க்கச் செய்து, பிறகு எங்கள் கண்ணெதிரில் போட வைக்கிறோம். ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம், உறிஞ்சிப் பார்க்காமல் செலுத்தினால் என்ன ஆகும், மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பவை எல்லாம் பாடத்தில் உண்டு. ஊசி போட்ட பின் நோயாளி சொல்வதை எப்படிக் கேட்பது என்பதை நாங்கள் பாடமாக வைக்கவில்லை. "உதடு எப்படி இருக்கிறது?" என்று கேள், "தடித்த மாதிரி இருக்கிறது" என்றால் தொடங்கு, என் ஆசிரியர்கள் எனக்குச் சொன்னது இது, பத்து ஆண்டுகளுக்கு மேல் நானும் இதையே சொன்னேன். ஒருநாள் ஒரு மாணவி, உதடு நன்றாக மரத்த ஒரு நெசவுத் தொழிலாளியின் பல்லில் பனிக்குச்சியை வைத்துப் பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "சார், உதடு மரத்திருக்கிறதே, பல் ஏன் மரக்கவில்லை?" என்று அவள் கேட்டபோது என்னிடம் இருந்தது அமிலத்தன்மை என்ற மனப்பாடம் மட்டுமே. அதற்கு முன் எத்தனை பேரிடம் "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வலிக்காது" என்று சொல்லிவிட்டுக் குடைந்திருப்பேன் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். அதை இங்கே எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. உங்கள் மருத்துவரும் என்னைப் போன்ற ஒருவரிடம் படித்திருக்கக்கூடும்.

இந்தத் துறையின் வரலாறே நோயாளியின் குரலோடு தொடங்கியது. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துகொண்டு தம் பல்லையே எடுக்கச் செய்தார், வலி தெரியவில்லை. அடுத்த மாதம் பாஸ்டனில் மருத்துவ மாணவர்களின் முன் அதைச் செய்து காட்டியபோது நோயாளி முனகிவிட்டார். கூட்டம் ஏளனம் செய்தது, வெல்ஸ் மனமுடைந்தார். அந்த நோயாளி பின்னர் தமக்கு அவ்வளவாக வலி தெரியவில்லை என்று சொன்னதாகப் பதிவு உண்டு. 40 ஆண்டுகள் கழித்து, 1884இன் இறுதியில், நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் ரிச்சர்டு ஹாலும் கோகெய்னை ஊசிவழி செலுத்தி இதே கீழ்த்தாடை நரம்பை மரக்கவைத்தார்கள். தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததில் ஹால்ஸ்டெட் கோகெய்னுக்கு அடிமையாகிப் பெரும் துன்பப்பட்டார். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் லிக்னோகெய்னை உருவாக்கிய பிறகே இன்றைய பாதுகாப்பு நமக்குக் கிடைத்தது. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அது பலித்ததா என்று அறிய இன்றும் நோயாளியின் வாய்ச்சொல்லைத்தான் நம்பியிருக்கிறோம். பனிக்குச்சியும் மின்கருவியும்கூட அவர் கையை உயர்த்துவதை வைத்தே பேசுகின்றன.

வலியைப் பற்றிய படிப்பு ஊசியைப் பற்றிய படிப்பைவிட இன்னும் பின்தங்கியிருக்கிறது. அமெரிக்காவில் பல் மயக்கவியலைத் தனிச் சிறப்புத் துறையாக 2019இலும், வாய் முக வலியியலை 2020இலும்தான் அங்கீகரித்தார்கள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஓகெசன் போன்றவர்கள் அதற்கு வெகு முன்பே வலிக்கெனத் தனி மையம் நடத்தி மாணவர்களைப் பயிற்றுவித்தார்கள். நம் நாட்டில் பல் மருத்துவ மேற்படிப்பின் ஒன்பது பிரிவுகளில் வலிக்கென்று ஒன்று இல்லை. வாய் மருத்துவத் துறையிலும் எங்கள் அறுவைத் துறையிலும் அது சில பாடங்களாகச் சிதறிக் கிடக்கிறது. எங்கள் மாணவர் ஒருவர் இளநிலைப் படிப்பை முடிக்கும்போது பல பற்களைப் பிடுங்கியிருப்பார். பல்லில் நோயே இல்லாத பல்வலியை ஒருமுறையாவது கண்டறிந்திருப்பாரா என்றால், பெரும்பாலும் இல்லை. இதன் விலையை நோயாளிகள் தருகிறார்கள். எங்களிடம் வந்த அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, வலப்பக்கம் கீழே நான்கு பற்களை வெவ்வேறு இடங்களில் எடுத்துக்கொண்டும் வலி தீராமல் வந்திருந்தார். மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலும், முகம் கழுவினாலும் மின்சாரம் பாய்ந்ததைப் போலச் சில நொடிகள் வெட்டி இழுக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது என்றார். அது முக்கிளை நரம்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கார்பமசெபின் மாத்திரையைச் சிறு அளவில் தொடங்கியதும் சில நாள்களில் அவரால் சோறு மென்று சாப்பிட முடிந்தது. அந்த மாத்திரை ஆசிய மரபினர் சிலருக்கு உயிராபத்தான தோல் ஒவ்வாமையைத் தரக்கூடும் என்பதால் கவனமாகக் கொடுக்க வேண்டியது. ஆனால் நான்கு பற்களை எடுப்பதற்கு முன்பு இரண்டு கேள்விகள் போதுமாக இருந்திருக்கும்.

இனி, இரண்டு மாதமாக உங்களுக்கு இருக்கும் மந்தமான வலி. அதை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டாலும், நான் இதைத்தான் அதிகம் கவனிப்பேன். வேர் சிகிச்சைக்குப் பின் ஆறு மாதம் கழித்தும் ஏதோ ஒரு வலி இருப்பவர்கள் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேர் என்று ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலியின் ஊற்று அந்தப் பல்லாக இருக்கவில்லை. சிகிச்சைக்கு முன்பே நெடுநாள் வலித்தவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. உங்களுடையது பல்லின் வலியாகவே இருக்கலாம்: கண்ணில் படாமல் விடுபட்ட ஒரு வேர்க்குழல், மெல்லிய விரிசல், கடிக்கும்போது உயரமாக இடிக்கும் அடைப்பு. தாடைத் தசையின் வலியாகவும் இருக்கலாம். மெல்லும் தசையில் உண்டாகும் வலி கீழ்க் கடைவாய்ப் பல்லில் தெரிவது சாதாரணம். நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததும், மூன்று முறை ஊசி தசையோரம் போனதும் அதைத் தூண்டியிருக்கலாம். நரம்பே உணர்வேறிப்போய்த் தங்கும் வலி மூன்றாவது சாத்தியம். மூன்று மாதத்தைத் தாண்டாமல் அந்தப் பெயரை யாரும் அவசரப்பட்டு வைக்கக் கூடாது. இதில் எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடை வலித்து, நின்றால் தணிகிறது என்றால் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஒரு வாரத்துக்கு வலி எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, மெல்லும்போதா, குளிர்ந்த நீரிலா, காலை எழுந்ததுமா, கன்னத்தை அழுத்தினால் கூடுகிறதா என்று தேதியோடு எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். வேர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அதுவரை யார் சொன்னாலும் அந்தப் பல்லை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். அங்கே உங்களுக்கு மறுபடியும் மரப்பு ஊசி போடக்கூடும், பயப்பட வேண்டாம். இம்முறை அது சிகிச்சைக்காக இல்லை, சோதனைக்காக. பல்லைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மருந்தைச் செலுத்தியதும் வலி முழுதாக அடங்கினால் ஊற்று அந்த இடத்தில் இருக்கிறது என்று பொருள். பல் மரத்தும் வலி அப்படியே இருந்தால் வேறிடத்தில் தேட வேண்டும். பல் மரத்துவிட்டதா என்று பனிக்குச்சி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவர் கேட்கும்போது, இருந்தால் இருக்கிறது என்றும் போனால் போய்விட்டது என்றும், பாதி குறைந்திருந்தால் பாதி என்றும் சொல்லுங்கள்.